பார்கவி நிலையம்: நீலம் இல்லாத நீலவெளிச்சம்

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு மலர்க்குழு நண்பர் வீட்டுக்கு வந்தபோது, "இந்தத் தடவையாவது கண்ணகியை விட்டுட்டு வேற எதையாவது எழுதுங்க சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். சொன்னதில் தவறில்லை. கொடுங்கல்லூரையும் ஆற்றுகாலையும் வைத்து மூன்று மலர்களில் எழுதித் தீர்த்தாகிவிட்டது. எனவே இம்முறை ஒரு சினிமாப்படம். அதிலும் பேய்ப்படம். அதிலும் மலையாளப் பேய்ப்படம். தமிழ்ச் சங்க மலரில் இது எதற்கு என்று முகம் சுளிக்கும் பெரியவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். கண்ணகியை நான் விட்டாலும் அவள் என்னை விடவில்லை என்பது போகப்போகத் தெரியும்.

'பார்கவி நிலையம்' 1964-இல் வெளிவந்தது. வைக்கம் முகம்மது பஷீர் தம்முடைய 'நீலவெளிச்சம்' என்ற சிறுகதையை விரித்து, தாமே திரைக்கதையும் வசனமும் எழுதினார். தயாரித்தவர் சந்திரதாராவின் டி.கே.பரீக்குட்டி. பத்தாண்டுகளுக்கு முன் 'நீலக்குயில்' படத்தைத் தந்தவரும் அவரே. இயக்கியவர் ஏ.வின்சென்ட், இயக்குநராக இதுவே அவருக்கு முதல் படம். பாட்டு பி.பாஸ்கரன், இசை எம்.எஸ்.பாபுராஜ். மது, பிரேம் நசீர், விஜயநிர்மலா, பி.ஜே.ஆண்டனி, அடூர் பாசி ஆகியோர் நடித்தார்கள். மலையாளத்தின் முதல் பேய்ப்படம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான்.

கதை தெரியாத இளைய தலைமுறைக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எழுத்தாளர் ஒருவர், எழுதுவதற்கு அமைதியான இடம் தேடி, யாரும் குடியிருக்க அஞ்சும் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுக்கிறார். வந்தபிறகுதான் ஊரார் சொல்கிறார்கள்: அந்த வீட்டுப் பெண் பார்கவி காதல் தோல்வியில் கிணற்றில் விழுந்து இறந்தவள், அவள் ஆவி அங்கேதான் இருக்கிறது என்று. எழுத்தாளர் ஓடவில்லை. பார்கவிக்குட்டி என்று அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுக்கிறார். பிறகு அவள் கதையை எழுதத் தொடங்குகிறார். எழுத எழுத, ஊர் சொன்ன கதை பொய் என்பது வெளிப்படுகிறது. பக்கத்து வீட்டுப் பாடகன் சசிகுமாரும் அவளும் காதலித்தார்கள். அவளை மணக்க உரிமை கொண்டாடிய முறைமாப்பிள்ளை நாணுக்குட்டன் இருவரையும் கொன்றான். அவனை நஞ்சு கொடுத்து. அவளைக் கிணற்றில் தள்ளி.

இனி என் சந்தேகத்துக்கு வருகிறேன். பஷீரின் சிறுகதையைப் படித்தவர்களுக்கு அதன் உச்சம் மறக்காது. இரவில் எழுதிக்கொண்டிருக்கும்போது விளக்கில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோகிறது. எழுத்தாளர் வீட்டைப் பூட்டிக்கொண்டு நண்பர்களிடம் எண்ணெய் கேட்டுப் போகிறார். திரும்பிவந்து பார்த்தால் அறை முழுக்க நீல ஒளி. அந்த ஒளி எங்கிருந்து வந்தது, யார் ஏற்றினார்கள் என்று பஷீர் சொல்வதில்லை. கேள்வியோடு கதை நின்றுவிடுகிறது. பேயும் இல்லை, பயமும் இல்லை. ஒரு நிறம் மட்டும்தான். சரி, கறுப்பு வெள்ளைப் படத்தில் நீலத்தை எப்படிக் காட்டுவது?

வேடிக்கையான கேள்வி போலத் தோன்றலாம். ஊமைப்பட காலத்தில் இதற்கு வழி இருந்தது. இரவுக்காட்சி என்றால் பிலிம் சுருளையே நீலச்சாயத்தில் தோய்த்து எடுத்துவிடுவார்கள். பேசும்படம் வந்தபின் அந்த வழக்கம் மறைந்தது. அதற்குப்பின் கறுப்பு வெள்ளைக் காமிராக்காரர்கள் இரவை உண்டாக்கிய விதம் நேர் எதிரானது. வெயிலில் படம் எடுத்துக்கொண்டே லென்சுக்கு முன்னால் சிவப்புக் கண்ணாடி வைப்பார்கள். அது வானத்தின் நீலத்தைத் தடுத்துவிடும். வானம் கறுத்து இரவாகும். அதாவது இரவு வேண்டுமென்றால் முதலில் பலிகொடுக்க வேண்டியது நீலத்தைத்தான்! நீல வெளிச்சம் பற்றிய கதையை இப்படிப்பட்ட ஊடகத்தில் எடுக்க ஒரு காமிராக்காரரே இயக்குநராக முன்வந்தார் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. படமாகும்போது தலைப்பிலிருந்து வெளிச்சம் போய் வீடு வந்துவிட்டது என்பதும் நோக்கத்தக்கது.

வின்சென்டை நம்மவர்கள் வேறு வழியில் அறிவார்கள். கோழிக்கோட்டுக்காரர். தந்தை அங்கே போட்டோ ஸ்டுடியோ நடத்தியவர். 1940களின் கடைசியில் சென்னை ஜெமினி ஸ்டுடியோவில் சேர்ந்து தொழில் பழகினார். ஸ்ரீதரின் 'கல்யாணப் பரிசு', 'நெஞ்சில் ஓர் ஆலயம்' எல்லாம் அவர் கண்ணால் நாம் பார்த்தவைதாம். 1963-இல் ஸ்ரீதர் எடுத்த 'நெஞ்சம் மறப்பதில்லை' படத்துக்கும் ஒளிப்பதிவு அவரே. பாழடைந்த மாளிகை, இரவில் கேட்கும் பெண்ணின் அழுகை, பூர்வஜென்மம், வயது கடந்த ஜமீன்தாராக நம்பியார் என்று தமிழில் மர்மமும் திகிலும் கலந்து வந்த படங்களில் அதற்குத் தனி இடம் உண்டு. அந்தப் படம் முடிந்த மறுவருடம் வின்சென்ட் இங்கே ஒரு பாழ்வீட்டுக் கதையை இயக்குகிறார். ஆனால் காமிராவை பி.பாஸ்கரராவ் கையில் கொடுத்துவிட்டார். கையிலிருந்த தொழிலை இன்னொருவருக்குக் கொடுத்துவிட்டு, ஆட்களைப் பேசவைக்கும் வேலையைத் தாம் எடுத்துக்கொண்டார். முதல் படத்திலேயே அப்படிச் செய்யத் துணிச்சல் வேண்டும்.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ஒரு வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 'நெஞ்சம் மறப்பதில்லை'யில் மாளிகை நம்மைத் துரத்துகிறது. காற்றும் இருளும் அழுகைக் குரலும் சேர்ந்து நாயகனை உள்ளே இழுக்கின்றன. விசுவநாதன் ராமமூர்த்தியின் இசை அதற்குத் தூண். 'பார்கவி நிலையம்' படத்தின் முதல் பகுதியிலோ பெரும்பாலும் ஒரு வீடு, ஒரு கிணறு, ஒரு ஆள். எதிரே நடிக்க யாரும் இல்லாமல் மது வெற்றிடத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருக்கிறார். கெஞ்சுகிறார், கேலி செய்கிறார், கோபிக்கிறார், தான் யார் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறார். பஷீரின் வசனத்தில் பயமும் சிரிப்பும் ஒரே மூச்சில் வரும். ஜன்னல் அடித்தால் நாம் திடுக்கிடுகிறோம்; அடுத்த கணம் அவர் அந்த ஜன்னலிடமே நியாயம் கேட்கிறார், நாம் சிரித்துவிடுகிறோம். பேய்ப்படத்தில் பேயோடு குடித்தனம் பண்ணுகிற பேச்சு அதுவரை யாரும் கேட்டிராதது. செலவே இல்லாத உத்தி. ஆனால் இதைத் தாங்க நடிகர் வேண்டும்.

மதுவைப் பற்றி இரண்டு வரி. அவர் நம்ம ஊர்க்காரர், திருவனந்தபுரம் கௌரீசபட்டம். சினிமாவுக்கு வருமுன் நாகர்கோவில் கல்லூரிகளில் இந்தி விரிவுரையாளராக இருந்தவர். வேலையை உதறிவிட்டு டில்லி தேசிய நாடகப்பள்ளியின் முதல் அணியில் போய்ச் சேர்ந்தார். வீட்டுக்கு வந்த எழுத்தாளர் பாடும் தனிமைப் பாட்டுக்குக் குரல் கொடுத்தவர் கமுகற புருஷோத்தமன். அவர் திருவட்டாறுக்காரர், 1956 நவம்பர் 1-ஆம் தேதி கோடு மாறியபோது சென்னை மாகாணத்தோடு சேர்ந்த ஊர். மலையாளப் படம் என்று நாம் ஒதுக்கி வைக்கும் ஒன்றில் எல்லைக்கு இரண்டு பக்கத்து ஆட்களும் எப்படிக் கலந்திருக்கிறார்கள் பாருங்கள். தமிழ்ப்படத்தில் கொடுங்கோல் ஜமீன்தாராக வந்த நம்பியாரோ கண்ணூர் மலையாளி! பண்டமாற்று சமமாகத்தான் நடந்திருக்கிறது.

படத்தில் அந்த எழுத்தாளருக்குப் பெயர் கிடையாது. கடைசிவரை 'சாகித்யகாரன்'தான். வேலைக்காரனுக்குக்கூடப் பெயர் உண்டு. சிறு வேடத்தில் வந்த பத்மதளாட்சன் என்பவருக்கு அந்தப் பாத்திரத்தின் பெயரே ஆயுளுக்கும் ஒட்டிக்கொண்டு குதிரவட்டம் பப்பு ஆகிவிட்டார். கதை சொல்பவனுக்கு மட்டும் பெயர் இல்லை. செத்தவளுக்கோ பெயர் இருக்கிறது. வீட்டுக்கே அவள் பெயர், படத்துக்கே அவள் பெயர். என்னுடைய கட்டுரையின் ஆணிவேர் இதுதான் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.

குறைகளை மறைக்க வேண்டாம். பிற்பாதியில் கதைக்குள் கதை விரியும்போது படம் வழக்கமான காதல்கதையாகிவிடுகிறது. பிரேம் நசீரும் விஜயநிர்மலாவும் அழகு. பாட்டுகள் அதைவிட அழகு. யேசுதாஸ் பீம்பளாசி சாயலில் பாடிய காத்திருப்புப் பாட்டை இன்றைக்கும் கல்யாண வீட்டுக் கச்சேரியில் யாராவது பாடாமல் விடுவதில்லை. (அவருடைய தொடக்ககாலத் தமிழ்ப் பாட்டுகளில் ஒன்றும் அதே 1964-இல் ஒரு மர்மப்படத்தில்தான் வந்தது: வீணை எஸ்.பாலசந்தரின் 'பொம்மை'.) ஆனால் பாட்டுக்கு மேல் பாட்டாக வரும்போது முதல் பாதியின் நிசப்தம் கலைந்துபோகிறது. நாணுக்குட்டனாக பி.ஜே.ஆண்டனி வந்து நிற்கிறபோதெல்லாம் படம் மறுபடி நிமிர்ந்துகொள்கிறது. கடைசிக் கிணற்றடிச் சண்டை அவ்வளவு தேவையா என்று இன்றும் எனக்குத் தோன்றும்.

இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு ஒன்றை இலக்கிய நண்பர்கள் சொல்வார்கள். சிறுகதையில் பார்கவி தானே கிணற்றில் குதித்தவள். காதலித்தவன் வேறொருத்தியை மணந்துகொண்டான், அவ்வளவே. கொலையும் இல்லை, வில்லனும் இல்லை. படத்துக்காகப் பஷீரே அதைத் துப்பறியும் கதையாக்கி, விளங்காத ஒரு நீல ஒளியை விளக்கிக் கெடுத்துவிட்டார் என்பது அவர்கள் வாதம். நானும் பல வருடம் அப்படித்தான் பேசிவந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. காரணம் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் வீட்டுக்கதை பேசவேண்டும்.

அப்பா சாலைக் கம்போளத்தில் ஒரு பலசரக்கு மொத்தக் கடையில் கணக்கு எழுதினார். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்து கரமனையில் லைன் வீட்டில் குடியிருந்தோம். ஆறு வீட்டுக்கும் பொதுவாகப் பின்கட்டில் ஒரு கிணறு. அதன்மேல் கனத்த பலகை போட்டு மூடியிருக்கும். ஒரு பெண் அதில் விழுந்து செத்துப்போனாள், சாயங்காலத்துக்கு மேல் அந்தப்பக்கம் போகக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். எந்த வீட்டுப் பெண், எப்போது, ஏன் என்று கேட்டால் அதட்டல்தான் பதில். "அவ சரியில்ல" என்று ஒரு பாட்டி ஒருமுறை சொன்னாள். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை.

1985-இல் திருவனந்தபுரம் தூரதர்ஷன் மலையாள ஒளிபரப்பைத் தொடங்கிய பிறகு, அந்தப் பத்தாண்டின் பின்பகுதியில் ஒருநாள் 'பார்கவி நிலையம்' போட்டார்கள். எங்கள் லைனில் ஒரே ஒரு டி.வி., அதுவும் கறுப்பு வெள்ளை. ஆறு வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். அம்மாவுக்கு மலையாளம் அரைகுறை. அரிசி புடைத்தபடியே நடுநடுவே என்னிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏ மக்கா, அந்த ஆளு யாருகிட்டப் பேசுகான்?"

"அந்தப் பேய்கிட்டம்மா."

"பேயின்னு அவன் சொல்லலியே. பேரச் சொல்லில்லா கூப்பிடுகான்."

நாணுக்குட்டன்தான் தள்ளினான் என்று தெரிந்த இடத்தில் அறையில் ஒரு சத்தமில்லை. எல்லார் கண்ணும் டி.வி.யில் இருந்தாலும், பின்கட்டுப் பலகையை நினைக்காதவர்கள் அங்கே யாரும் இருந்திருக்க முடியாது. படம் முடிந்து எழுந்தபோது அம்மா யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "அந்தப் புள்ளைக்குப் பேராவது இருக்குல்லா."

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டுதான் நான் இந்தப் படத்தை மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன். ஊர் ஒரு பெண்ணைப் பற்றி ஒரு கதையை முடிவு செய்துவிடுகிறது. தானே விழுந்தாள் என்று சொல்லிவிட்டால் எல்லாருக்கும் சௌகரியம். முறைமாப்பிள்ளைக்கு அதைவிடச் சௌகரியம். செத்தவள் பேயாகிவிட்டால் அந்த வீட்டுப்பக்கம் யாரும் போகமாட்டார்கள், கிணற்றை யாரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள், கேள்வியும் கேட்கமாட்டார்கள். பேய்க்கதை கொலைக்குக் காவல் நிற்கிறது. பஷீர் தம் சிறுகதையைத் துப்பறியும் கதையாக்கியது வியாபாரத்துக்காக மட்டும் என்று என்னால் இப்போது ஒப்புக்கொள்ள முடியவில்லை. அழகான ஒரு புதிரை விட்டுக்கொடுத்து, பார்கவிக்கு ஒரு வாக்குமூலம் வாங்கிக் கொடுத்திருக்கிறார். வின்சென்ட் அடுத்த ஆண்டே எம்.டி.வாசுதேவன் நாயரின் எழுத்தில் 'முறப்பெண்ணு' எடுத்தார். முறை என்ற உரிமை பெண்ணை என்ன செய்யும் என்ற கேள்வி அவரை விடவில்லை போலும். அத்தை மகன், மாமன் மகள் என்று உரிமை பேசும் நமக்கு அது அந்நியமான கேள்வி அல்ல.

கண்ணகிக்கு வந்துவிட்டேன், மலர்க்குழு நண்பர் மன்னிக்கவும். தமிழ் மரபில் அநீதியால் அழிந்த பெண்ணுக்கு இரண்டு வழிதான் பெரும்பாலும் திறந்திருக்கின்றன. ஒன்று கண்ணகி வழி: நகரை எரித்துத் தெய்வமாவது. ஆற்றுகாலில் இன்றும் பொங்கலிடுகிறோம், அவள் கதையைத் தோற்றம்பாட்டாகப் பாடுகிறார்கள். மற்றொன்று நீலி வழி: பழையனூரில் எழுபது வேளாளரைத் தீக்குளிக்க வைத்துப் பழிதீர்ப்பது. அந்த நீலி தெற்கே வந்து நாஞ்சில் நாட்டில் வில்லுப்பாட்டில் ஏறி, முப்பந்தல் இசக்கியோடு கலந்து, மலையாளத்தில் கள்ளியங்காட்டு நீலி என்ற யட்சியானாள். கும்பிடு அல்லது பயப்படு. இரண்டிலும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, என்னம்மா நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. பார்கவிக்கு அந்த மூன்றாவது வழி கிடைக்கிறது. அவளுடைய பழியைத் தீர்க்க ஒரு பூசாரி வரவில்லை. வாடகைக்கு வந்த எழுத்தாளன் ஒருவன் வந்தான், காகிதமும் பேனாவுமாக. வெள்ளைச் சேலை, விரிந்த கூந்தல் எல்லாம் படத்தில் உண்டுதான். ஆனால் அவளைக் கண்டு நாம் பயப்படுவது அவர் எழுதத் தொடங்கும்வரைதான்.

நான்கு ஆண்டு கழித்து 1968-இல் வந்த 'யட்சி'யை இதோடு சேர்த்துப் பார்க்கலாம். கல்பாத்தித் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த மலையாற்றூர் ராமகிருஷ்ணனின் நாவல், கே.எஸ்.சேதுமாதவன் இயக்கம், நம்மூர் சத்யன் நாயகன். அதில் கதை தலைகீழ். முகம் வெந்துபோன ஒரு கல்லூரி ஆசிரியர், தன்னை நேசிக்கும் பெண்ணையே யட்சியோ என்று சந்தேகிக்கிறார். கலையாக அது இன்னும் கூர்மை என்பேன். ஆனால் அங்கே அவள் பேச்சை யாரும் எழுதி வைப்பதில்லை. முழுக்க அவர் மனசின் கதை. தமிழில் 1966-இல் ஜெயலலிதாவும் ஜெய்சங்கரும் நடித்த 'யார் நீ?' இந்திப் படத்தின் மறுவடிவம். நல்ல பொழுதுபோக்கு, அந்த மட்டில் சரி.

2023-இல் ஆஷிக் அபு இதே கதையை 'நீலவெளிச்சம்' என்ற பெயரிலேயே மறுபடி எடுத்தார். டொவினோ தாமஸ், ரீமா கல்லிங்கல் நடித்தார்கள். வண்ணப்படம், நல்ல தொழில்நுட்பம், பழைய பாட்டுகளே புதுக் குரலில். பேத்தியோடு போய்ப் பார்த்தேன். நீலம் நீலமாகவே வந்தது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் பழைய படத்தில் அந்த நிறம் இல்லாததால் நான் என் பங்குக்குச் சேர்த்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்றை இந்தத் தடவை சேர்க்க வேண்டியிருக்கவில்லை. "தாத்தா, பழைய படத்தில லைட் என்ன கலர்ல இருந்துச்சு?" என்று பேத்தி கேட்டாள். நீலம் என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்னதாகத் தோன்றவில்லை.

கரமனையில் அந்த லைன் வீடுகள் இப்போது இல்லை. கிணற்றைத் தூர்த்து மேலே கார் நிறுத்துகிறார்கள். போன வருடம் அந்தக் காலத்து அண்டைவீட்டு அக்கா ஒருவரைக் கல்யாண வீட்டில் பார்த்தபோது, அந்தப் பெண்ணின் பெயர் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். வெகுநேரம் யோசித்தார். பிறகு, தனக்கும் யாரும் சொன்னதில்லை என்றார்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். வரும் மாதங்களில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நம் அரங்கில் காலையில் 'நெஞ்சம் மறப்பதில்லை'யும், சாப்பாட்டுக்குப் பின் 'பார்கவி நிலையம்' படமும் போட்டால் என்ன? மலையாளம் தெரியாத வயதானவர்களுக்குப் பக்கத்தில் ஒரு பிள்ளையை உட்கார வைத்து அர்த்தம் சொல்லச் சொல்லலாம். முதல் பகுதிக்கு மட்டும் விளக்கை முழுசாக அணைத்துவிட வேண்டும். வாசல் டியூப் லைட்டையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.